மழை வந்தால் மட்டும் முரண்டு பிடிக்கும் ஏடிவி: வாசகர் கேள்வி-பதில்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஈரத்தில் நின்றுபோகும் வண்டிகளைப் பற்றிக் கடிதங்கள் வருவது வழக்கம்தான். இந்த முறை பைக், ஸ்கூட்டரை விட ஏடிவி பற்றிய கடிதங்கள்தான் அதிகம், அதாவது மலைப்பக்கம் ரிசார்ட்டுகளிலும் ஹோம்ஸ்டேக்களிலும் நிற்குமே, குண்டு டயர் போட்ட அந்த நாலு சக்கர பைக். முதல் கடிதத்துக்கு நீளமாகவே பதில் எழுதுகிறேன், மற்றவர்களும் அதைப் படித்துவிட்டுத் தங்கள் பதிலுக்கு வாருங்கள்.

கேள்வி: சார், கொடைக்கானல் மேல்மலையில் சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறோம். விருந்தினர்கள் எங்கள் தோட்டத்துக்குள்ளேயே ஓட்டிப் பார்க்க 150 சிசி ஏடிவி இரண்டு வாங்கிப் போட்டிருக்கிறோம். இரண்டும் கார்புரேட்டர், பெல்ட் வண்டி. வெயிலில் ஒரு குறையும் இல்லை. மழையோ கடும் பனிமூட்டமோ வந்தால் முதல் வண்டி ஐடிலிங்கில் நன்றாக நிற்கிறது, பாதி ரேஸ் கொடுத்தால் மிஸ்ஸிங் ஆகிப் படபடவென்று அடித்து, மேடு ஏறாமல் ஆஃப் ஆகிவிடுகிறது. ஷெட்டில் அரை மணி நேரம் விட்டால் எதுவுமே நடக்காதது போல் ஓடுகிறது. இரண்டாவது வண்டி மழையில் ஓடுகிறது, ஆனால் தோட்டத்துக்குள் போகும் ஓடையில் இறங்கினால் நடு ஓடையில் மூச்சு அடைத்த மாதிரி அணைந்துவிடுகிறது. மெக்கானிக் இதுவரை பிளக், சிடிஐ (பொறி எப்போது வர வேண்டும் என்று முடிவு செய்யும் எலக்ட்ரானிக் பெட்டி), கடைசியில் கார்புரேட்டரையே மாற்றிவிட்டார். ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போய்விட்டது. இனி வயரிங்கை முழுசாக மாற்றலாம் என்கிறார். மாற்றலாமா?
— ஒரு வாசகர், கொடைக்கானல் மேல்மலை

பதில்: வேண்டாம், அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியதிலேயே விடை பாதி இருக்கிறது. இரண்டு வண்டிக்கும் இரண்டு வேறு நோய், ஆனால் "ஈரம் பட்டால் நின்றுபோகிறது" என்று ஒரே பெயர் வைத்து ஒரே மருந்து கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஈரத்தில் ஓடாத வண்டியில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எந்தப் பாகம் போச்சு" என்பதல்ல, "தண்ணீர் எங்கே படும்போது நிற்கிறது" என்பதுதான். அதைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்பேரும் வாங்க வேண்டாம், துணி இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிப்போமே, அந்த ஸ்ப்ரே பாட்டில் ஒன்று போதும்.

முதல் வண்டியைப் பார்ப்போம். ஐடிலிங்கில் நிற்கிறது, முறுக்கினால் மிஸ்ஸிங் வருகிறது, காய்ந்தால் சரியாகிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எனக்கு முதலில் கை போகிற இடம் பிளக் கேப், அதாவது பிளக்கின் தலையில் மாட்டியிருக்கும் ரப்பர் மூடி. காரணம் சொல்கிறேன். பிளக்கில் தீப்பொறி தாண்ட வேண்டுமானால் காயிலிலிருந்து (வோல்டேஜை ஏற்றித் தரும் சுருள்) பல ஆயிரம் வோல்ட் வர வேண்டும், அது எவ்வளவு என்பது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தைப் பொறுத்தது. ஐடிலிங்கில் உள்ளே போகும் காற்று குறைவு, அழுத்தமும் குறைவு, குறைந்த வோல்டேஜிலேயே பொறி தாண்டிவிடும். ரேஸ் கொடுத்தால் காற்று நிறையப் போகிறது, அழுத்தம் ஏறுகிறது, அதே இடைவெளியைத் தாண்ட இன்னும் அதிக வோல்டேஜ் வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் பிளக் கேப்பின் ரப்பரில் ஒரு மயிரிழை விரிசல் இருந்து அதில் ஈரமும் மண்ணும் சேர்ந்திருந்தால், கரண்டுக்கு பிளக்கின் உள்ளே தாண்டுவதை விட அந்த ஈரப் பாதை வழியாக என்ஜினின் இரும்புக்குப் போவது சுலபமாகிவிடும். அதனால்தான் நின்ற இடத்தில் நன்றாகச் சத்தம் போடும் வண்டி மேடு ஏறும்போது மட்டும் ஏமாற்றுகிறது. உங்கள் வண்டியில் இருப்பது ஃபேன் வைத்துக் குளிர்விக்கும் ரக என்ஜினாகத்தான் இருக்கும், அந்த ஃபேன் பனிமூட்டத்தை அப்படியே இழுத்து சிலிண்டர் ஹெட்டின் மேல் தள்ளும். மழையே பெய்ய வேண்டியதில்லை, மூட்டம் இருந்தால் போதும்.

சோதிப்பது இப்படி. சாயங்காலம் நன்றாக இருட்டிய பிறகு வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள், மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம், புகை ஆளைச் சாய்த்துவிடும். நியூட்ரலில் போட்டு, பார்க்கிங் பிரேக்கைப் பூட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஒருவர் ரேஸைக் கொஞ்சம் ஏற்றிப் பிடித்திருக்க, நீங்கள் பிளக் கேப்பில் மட்டும் நாலு தடவை தண்ணீர் தெளியுங்கள். ஒரு நிமிடம் பொறுங்கள். ஒன்றும் ஆகவில்லையா, கேப்பிலிருந்து காயிலுக்குப் போகும் தடித்த வயர் மேல் அடியுங்கள். மறுபடி பொறுங்கள். அப்புறம் காயில், அப்புறம் சிடிஐயின் கப்ளர் (வயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பு), அப்புறம் ஹேண்டில்பாரில் இருக்கும், என்ஜினை அணைக்கும் கில் சுவிட்ச், சாவி போடும் இடம், கரண்ட் தயாரிக்கும் மேக்னெட்டிலிருந்து வரும் வயர்களின் கப்ளர். ஒவ்வொன்றாக, இடையில் பொறுத்து. இதில்தான் ஆட்கள் அவசரப்படுகிறார்கள், எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் அடித்துவிட்டு வண்டி நின்றதும் "பாருங்கள், நின்றுவிட்டது" என்பார்கள், எதனால் நின்றது என்று சொல்ல முடியாது. கசிவு கேப்பிலோ வயரிலோ இருந்தால் இருட்டில் கண்ணுக்கே தெரியும், ஊதா நிறத்தில் மெல்லிய கோடு ஒன்று ரப்பரின் மேல் ஊர்ந்து இரும்புக்குத் தாவும், "டிக் டிக்" என்று சத்தமும் கேட்கும். என்ஜின் ஓடும்போது கையை அங்கே கொண்டுபோகாதீர்கள், அடித்தால் பலமாக அடிக்கும். தண்ணீரில் உப்பும் போடாதீர்கள், சிலர் சோதனை சீக்கிரம் தெரியும் என்று போடுகிறார்கள், பிறகு அந்த உப்பே கப்ளரை அரித்துவிடும்.

போன வருஷம் எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு ஏடிவியில் இதே கதைதான். வெளியில் பார்க்க கேப் புத்தம் புதிதாக இருந்தது. கேப்பை வயரிலிருந்து திருகிக் கழற்றினேன் (இழுக்கக் கூடாது, திருகினால்தான் வரும், உள்ளே ஒரு ஸ்க்ரூ வயருக்குள் இறங்கியிருக்கும்). வயரின் முனையில் செம்புக் கம்பிகள் பச்சை பூத்துப் பொடியாகக் கொட்டின. ஸ்க்ரூவின் நுனி கறுத்துத் தேய்ந்திருந்தது. அதாவது வெயில் நாளிலும் அங்கே கரண்ட் தாவித்தான் போய்க்கொண்டிருந்தது, ஈரம் வந்ததும் தாவ முடியாமல் போனது. வயரில் அரை சென்டிமீட்டர் வெட்டிப் புதுக் கம்பி தெரியும் வரை எடுத்து, புதுக் கேப்பைத் திருகி, கேப்பின் இரண்டு வாயிலும் சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் தடவி மாட்டியதோடு சரி. முழுச் செலவும் இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது.

மல்டிமீட்டர் இருந்தால் கேப்பின் இரு முனைக்கும் இடையில் அளந்து பாருங்கள், ரெசிஸ்டர் உள்ள கேப்பில் ஐந்தாயிரம் ஓம் சுற்றளவில் காட்டுவது வழக்கம். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டாலும், அசைத்தால் எண் தாவினாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, இது உங்கள் ஊருக்காகவே சொல்வது. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் சமவெளியை விட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது, திண்டுக்கல்லில் எவ்வளவு பெட்ரோல் ஊற்றுமோ கிட்டத்தட்ட அதே அளவு மேலேயும் ஊற்றும். காற்று குறைவு, பெட்ரோல் அதிகம், பிளக்கில் கரி படியும். கரி படிந்த பிளக் ஏற்கனவே கரண்டைக் கசிய விடும், அதன் மேல் ஈரமும் சேர்ந்தால் எல்லாருக்கும் முன்னால் உங்கள் வண்டிதான் நிற்கும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், வாய் முழுக்க மை பூசின மாதிரி கறுப்பாக இருந்தால் மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) ஓரிரு அளவு சின்னதாகப் போடச் சொல்லுங்கள். பிளக்கின் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை இருக்கட்டும், தேய்ந்து அகலமான பிளக் அதிக வோல்டேஜ் கேட்கும், பிறகு பழையபடி அதே கசிவுதான். புதுக் கார்புரேட்டர் போட்டீர்களே, அதில் உள்ள ஜெட் சமவெளிக் கணக்குக்குத்தான் வந்திருக்கும். கழற்றிப் பார்ப்பது நல்லது.

மூட்டத்தில் இன்னொரு விஷயமும் நடக்கும், அரிதுதான், ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டரின் கழுத்தைக் குளிர வைக்கும். காற்று ஏற்கனவே குளிர்ந்து ஈரமாக இருந்தால் அந்த ஈரம் உள்ளே பனிக்கட்டியாகப் படிந்து வழியை அடைக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் மெல்ல மெல்ல மூச்சு இழந்து நிற்கும், தொட்டால் கார்புரேட்டர் ஐஸ் தண்ணீர்ச் செம்பு மாதிரி வேர்த்திருக்கும், ஐந்து நிமிடம் விட்டால் என்ஜின் சூட்டிலேயே உருகி மறுபடி ஓடும். உங்களுடையது ஈரம் பட்ட உடனே மிஸ்ஸிங் என்பதால் இது இல்லை என்றே நினைக்கிறேன்.

இப்போது இரண்டாவது வண்டி. மழையில் ஓடுகிறது, ஓடையில் மட்டும் அணைகிறது. அப்படியென்றால் கரண்ட் பக்கம் போகவே வேண்டாம், மேலிருந்து தண்ணீர் கொட்டும்போதே ஓடுகிற வண்டி அது. கீழே தண்ணீருக்குள் முங்குகிற ஏதோ ஒன்றுதான் காரணம். கார்புரேட்டரின் பக்கவாட்டிலிருந்து மெல்லிய ரப்பர் டியூப்கள் கீழே தொங்குகின்றனவே, அவற்றைப் பாருங்கள். ஒன்று கழிவு டியூப், பெட்ரோல் நிரம்பி வழிந்தால் வெளியே போக. மற்றது மூச்சு டியூப். கார்புரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும், அது வருவது இந்த டியூப் வழியாகத்தான். அதன் முனை தண்ணீருக்குள் போய்விட்டால் காற்று வராது, கிண்ணத்திலிருந்து பெட்ரோல் மேலே ஏறாது. டீ டம்ளரில் உறிஞ்சு குழாயைப் போட்டு மேல் முனையை விரலால் அடைத்துத் தூக்கினால் டீ குழாய்க்குள்ளேயே நிற்குமே, அதே சங்கதி. கரையேறியதும் டியூப் வாய் திறந்துவிடும், வண்டி சரியாகிவிடும், எந்த மெக்கானிக் பார்த்தாலும் குறை தெரியாது.

மூச்சு டியூபை அறுத்து நடுவில் "டீ" வடிவ இணைப்பு ஒன்று வையுங்கள், மீன் தொட்டி விற்கும் கடையில் கிடைக்கும், பத்து இருபது ரூபாய். ஒரு கிளை பழையபடி கீழே போகட்டும், மற்றக் கிளையில் ஒரு நீளமான டியூப் மாட்டி, ஃபிரேமை ஒட்டியே மேலே கொண்டுபோய் ஹேண்டில்பாரின் அடியில் வாயைக் கீழ்ப்பார்க்க மடக்கிக் கட்டிவிடுங்கள். டியூப் பெட்ரோலுக்கென்று விற்பதாக இருக்கட்டும், மீன் தொட்டி டியூப் பெட்ரோல் பட்டால் விறைத்து வெடித்துவிடும். கழிவு டியூபை மட்டும் மேலே திருப்பவோ அடைக்கவோ கூடாது. நிரம்பி வழிகிற பெட்ரோல் சூடான என்ஜின் மேல் கொட்டாமல் இருப்பதே அதனால்தான். எது எது என்று சந்தேகம் இருந்தால் கிண்ணத்தின் அடியில் இருக்கும் ஸ்க்ரூவைத் திருகுங்கள், பெட்ரோல் எந்த டியூபில் சொட்டுகிறதோ அது கழிவு.

அதோடு ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் ஒரு சின்ன ரப்பர் மூக்கு இருக்கும், அதைக் கிள்ளிப் பாருங்கள், தண்ணீர் வந்தால் ஓடை பெட்டிக்குள்ளும் போகிறது என்று அர்த்தம். அந்த மூக்கு அறுந்துபோய்ப் பெட்டியில் ஓட்டையோடு ஓடும் ஏடிவிகளை நிறையப் பார்த்திருக்கிறேன், அதற்கு முதலில் மூடி போடுங்கள், ஏனென்றால் அது வழியாகப் போகிற தண்ணீர் என்ஜினையே முடித்துவிடும், எப்படி என்று கீழே மூன்றாவது பதிலில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஏலகிரியில் எங்கள் ரிசார்ட் ஏடிவி தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் இறங்கி ஏறினால் என்ஜின் ஊளையிடுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. ரப்பர் கருகுகிற நாற்றம் வேறு. என்ஜின் வேலை வந்துவிட்டதா? பையன்கள் "இன்னும் முறுக்கு, காய்ந்துவிடும்" என்கிறார்கள்.
— ஒரு வாசகி, திருப்பத்தூர் மாவட்டம்

பதில்: அம்மா, என்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை, பையன்களை முறுக்க விடாதீர்கள். என்ஜின் சத்தம் ஏறுகிறது, சக்கரத்துக்கு இழுவை போகவில்லை என்றால் பெல்ட் நனைந்து வழுக்குகிறது. ஸ்கூட்டரில் இருப்பது போலவே இரண்டு புல்லி, நடுவில் ஒரு வி-பெல்ட், எல்லாம் ஒரு பெட்டிக்குள். பெல்ட் சூட்டைத் தணிக்க அந்தப் பெட்டிக்குக் காற்று வேண்டும், காற்று போகிற வழியில்தான் தண்ணீரும் போகிறது. கியரில் போட்டபடி முறுக்கினால் புல்லி சுற்றும், பெல்ட் ஒரே இடத்தில் நின்று தேயும், அந்த இடத்தில் பள்ளம் விழும். அப்புறம் காய்ந்த பிறகும் வண்டி ஒவ்வொரு சுற்றுக்கும் தட்டித் தட்டித்தான் போகும், புது பெல்ட்தான் வழி.

வண்டியைத் தள்ளி மேட்டில் நிறுத்துங்கள். பெல்ட் பெட்டியின் அடியில் ஒரு பிளக்கோ ஸ்க்ரூவோ இருக்கும், பெரும்பாலான ஏடிவிகளில் உண்டு, அதைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். நியூட்ரலில் போட்டு, மிதமான ரேஸில் கால் நிமிடம் ஓட விடுங்கள், நிறுத்துங்கள், மறுபடி. புல்லி சுழலும் காற்றிலேயே ஈரம் வெளியேறிவிடும். அடியில் சொட்டுவது நின்றதும் மூடிவிட்டு மெதுவாக ஓட்டிப் பாருங்கள். இதற்குப் பிறகும் வழுக்கினால் மூடியைக் கழற்றி, பெல்ட்டின் பக்கவாட்டைப் பாருங்கள், கண்ணாடி மாதிரி பளபளத்தால் அது பிடிக்காது. புல்லியில் சேறு படிந்திருந்தால் பிரேக் கிளீனர் தொட்ட துணியால் துடைக்க வேண்டும், எண்ணெய், கிரீஸ் எதுவும் அந்தப் பெட்டிக்குள் போகவே கூடாது.

மூடியின் கேஸ்கெட் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். காற்றுக் குழாயின் வாயை மட்டும் யாராவது சிலிக்கான் போட்டு அடைத்துவிடப் போகிறார்கள், அடைத்தால் ஒரே வாரத்தில் பெல்ட் வெந்துவிடும்.

ஒரு விஷயம் நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பள்ளத்தில் இறங்கி ஏறிய வண்டியின் பிரேக்கும் நனைந்திருக்கும். டிரம் பிரேக் என்றால் முதல் சில தடவை பிடிக்கவே பிடிக்காது. விருந்தினரிடம் வண்டியைக் கொடுப்பதற்கு முன் உங்கள் ஆள் ஒருவர் பிரேக்கை லேசாக அழுத்தியபடி ஐம்பது மீட்டர் ஓட்டி, பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தர வேண்டும். ஏறியதும் இறக்கமாக இருக்கிற பாதை என்றால் கட்டாயம்.

கேள்வி: வால்பாறை பக்கம் எஸ்டேட்டில் மேற்பார்வைக்கு 500 சிசிக்கு மேற்பட்ட பெரிய ஏடிவி ஒன்று உண்டு, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். ஆறு தாண்டும்போது சீட் வரை தண்ணீர் வந்து அணைந்துவிட்டது. இழுத்துக் கரை சேர்த்து இரண்டு நாளாக அப்படியே வைத்திருக்கிறோம். செல்ஃப் அடித்துப் பார்க்கலாமா?
— எஸ்டேட் ஊழியர் ஒருவர்

பதில்: இதைப் படித்துக்கொண்டிருக்கும் நேரம் வரை அடிக்கவில்லை என்றால் அடிக்காதீர்கள். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் வேறு எங்கும் போக வழியில்லாமல் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். ஏர் ஃபில்டர் பெட்டியை முதலில் திறந்து பாருங்கள், உள்ளே காய்ந்திருந்தால் பாதிக் கவலை போச்சு.

நனைந்திருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பிளக்கைக் கழற்றி, ஏர் ஃபில்டர் பெட்டியையும் திராட்டில் பாடியையும் (என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பகுதி) துடைத்துக் காய வையுங்கள். அப்புறம் பேட்டரியை மாட்டி, பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, காயிலின் கப்ளரையும் பிரித்துவிட்டு (பெட்ரோல் ஆவி வெளியே வரும் நேரத்தில் பொறி பறக்கக் கூடாது) செல்ஃபைச் சின்னச் சின்னதாக அடியுங்கள். பிளக் ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், அந்தப் பக்கம் முகத்தைக் காட்டாதீர்கள். வருவது நின்றதும் இரண்டு ஸ்பூன் என்ஜின் ஆயில் உள்ளே விட்டு மறுபடி சுற்றுங்கள். ஆயிலை வடித்துப் பாருங்கள், பால் ஊற்றின காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. புது ஆயில், புது ஃபில்டர் போட்டு, பத்து நிமிடம் ஓட்டி, அதையும் வடித்துவிட்டு மறுபடி புது ஆயில். ஆயில் நிறம் தெளியும் வரை இதைச் செய்ய வேண்டும், ஒரு தடவையோடு விட்டால் பேரிங்கில் துரு பிடிக்கும். ஏற்கனவே இரண்டு நாள் போய்விட்டது, அதனால் இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

கியர்பாக்ஸையும் முன் பின் டிஃபரன்ஷியலையும் (இழுவையை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ஓடிச் சூடேறிய டிஃபரன்ஷியல் சடாரென்று குளிர்ந்த ஆற்றில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், சுருங்கியதும் வெளியிலிருந்து உறிஞ்சும், சுற்றிலும் இருப்பது தண்ணீர்தான். இதற்காகத்தான் அவற்றுக்கு மூச்சு டியூப் வைத்து மேலே கொண்டுபோய் விட்டிருப்பார்கள். அந்த டியூப் கழன்றிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா, குளவி மண் வைத்து அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். எஸ்டேட் ஷெட்டுகளில் இந்த மூன்றும் நடக்கும்.

எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதற்கு ஒரே கணக்கு, கால் வைக்கும் தட்டு. அதற்கு மேல் தண்ணீர் இருந்தால் வேண்டாம், கம்பெனி கையேடுகளே அப்படித்தான் சொல்கின்றன. என்ஜினுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஏடிவி டயரில் காற்றழுத்தம் மிகக் குறைவு, கார் டயருக்கு 30 பிஎஸ்ஐ என்றால் இதற்கு ஐந்து, ஆறுதான் இருக்கும். குண்டாக இருப்பதால் தண்ணீரில் மிதக்கும். ஆழம் கூடினால் சக்கரம் தரையை விட்டுவிடும், அதற்கு மேல் வண்டி எந்தப் பக்கம் போவது என்பதை ஆறுதான் முடிவு செய்யும். வால்பாறையில் மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே ஆறு ஏறும் என்பது உங்களுக்கு என்னை விட நன்றாகத் தெரியும்.

கேள்வி: கிழக்குக் கடற்கரைச் சாலை அருகே தனியார் மைதானத்தில் ஏடிவி ஓட்ட விடுகிறோம். வாட்டர் வாஷ் செய்த மறுநாள் ஸ்டார்ட் ஆவதே இல்லை. மற்ற நாளில் பிரச்சினை இல்லை. கடற்கரை மணலிலும் ஓட்டலாம் என்று யோசனை, உப்புத் தண்ணீர் ஏதாவது செய்யுமா?
— ஒரு வாசகர், செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: ஹை பிரஷர் கன்னைக் கப்ளர், சிடிஐ, பெட்ரோல் டேங்க் மூடி, ஏர் ஃபில்டர் வாய் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மழை மேலிருந்து கீழே விழும், கன் பக்கவாட்டில் அழுத்தி அடிக்கும், மழைக்குத் தாங்குகிற ரப்பர் அதற்குத் தாங்காது. கழுவியதும் துடைத்து நிறுத்தாமல் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு நிறுத்தினாலே பாதி நாள் இந்தத் தொல்லை வராது.

மறுநாள் ஸ்டார்ட் ஆகவில்லை என்பதால் பெட்ரோலையும் பாருங்கள். டேங்க் மூடியின் வாஷர் போயிருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கி, பெட்ரோலை விடக் கனம் என்பதால் இரவோடு இரவாக அடியில் தங்கிவிடும். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் வையுங்கள், அடியில் தனியாக ஒரு படலம் கோடு போட்ட மாதிரி நின்றால் தண்ணீர். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது, எத்தனால் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கரைத்துக்கொள்ளும், அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்தே பிரிந்து அடிக்கு வந்துவிடும். அதனால் படலம் நீங்கள் எதிர்பார்ப்பதை விடத் தடிமனாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். டேங்கை முழுசாக வடித்துவிட்டுப் புதுப் பெட்ரோல் போடுங்கள்.

உப்புத் தண்ணீர், செய்யும். கப்ளர்களுக்குள் ஒரே சீசனில் பச்சை பூத்துவிடும். ஆனால் அதை விட முக்கியமாக ஒன்று, கடற்கரை யோசனையைக் கைவிடுங்கள். சென்னைக்குத் தெற்கே உள்ள இந்தக் கரையில் ஜனவரி முதல் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன, மணலுக்கு அடியில் புதைத்த முட்டை மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது. மைதானத்திலேயே ஓட்டுங்கள்.

கேள்வி: மழையில் டிவிஎஸ் எக்ஸெல் நின்றுவிடுகிறது. வயலுக்குப் போகிற வண்டி. ஏடிவி இல்லை, கேட்கலாமா?
— ஒரு விவசாயி, மன்னார்குடி

பதில்: தாராளமாகக் கேளுங்கள். முதல் கடிதத்தில் சொன்ன பிளக் கேப் வைத்தியம் அப்படியே உங்களுக்கும்தான், உங்கள் வண்டியில் முன் சக்கரம் அடிக்கிற சேறு நேராக பிளக் மேலேயே போகும். கேப், வயர் முனை, சிலிக்கான் கிரீஸ். முன் மட்கார்டின் கீழே தொங்கும் ரப்பர் மடிப்பு அறுந்திருந்தால் பழைய டியூப் ரப்பரில் ஒரு துண்டு வெட்டி போல்ட் போட்டு மாட்டுங்கள், அது இல்லாமல் என்ன செய்தாலும் திரும்ப வரும்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்தால் போதாதா?
— ஒரு வாசகர், ஊட்டி

பதில்: அவசரத்துக்குப் போதும். அதன் பெயரே தண்ணீரை விலக்குவது என்பதிலிருந்து வந்ததுதான், 40 என்பது நாற்பதாவது முயற்சி, 1953-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில் உருவானது. நனைந்த கேப்பிலும் கப்ளரிலும் அடித்தால் ஈரத்தைத் தள்ளி வண்டியை வீடு சேர்க்கும். ஆனால் அந்தப் படலம் மெல்லியது, நாளாக நாளாகப் போய்விடும், மண்ணையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அடித்து, ஓட்டி வந்து, காய்ந்த பிறகு துடைத்துவிட்டு சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். பெல்ட் பெட்டி பக்கமும் பிரேக் பக்கமும் ஒரு துளி கூடப் படக் கூடாது, ஊட்டி இறக்கங்களில் ஓட்டுகிற வண்டி அது.